பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதே

பொம்மையார்பாளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை உனக்குப் போதாது என்று பிறகு தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். பத்திரமாக வைத்துக்கொண்டு ஷிப்ட் இல்லாத நாளில் நிதானமாகப் படி.

நான்கு பவர் பிரஸ்களில் ஒன்றில் சென்சார் வேலை செய்யவில்லை என்றாய். இன்னொன்றில் இரண்டு கை பட்டனில் ஒன்றை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றாய். ஷிப்ட் தொடங்கும்போது நிரப்பும் பாதுகாப்புச் செக்லிஸ்டில் நான்குக்கும் ‘சரி’ போட்டுக் கையெழுத்திடச் சொல்கிறார்கள், நான் புதுச் சூப்பர்வைசர், மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கினாய். போடாதே என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். காரணங்களை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை என்பது உனக்குத் தெரியும். விழுப்புரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, விபத்து இழப்பீட்டுக் கட்டுகளை அடுக்கி, நகல் மனு போட்டு, வாய்தா தேதி குறித்தே காலம் கழித்தவன். அந்தக் கட்டுகளைப் படித்துப் படித்து எனக்குள் ஊறிப்போனது ஒன்று. விரல் போனவன் கோர்ட்டில் அழுது சொல்வதைவிட, விபத்துக்கு முன்னால் யாரோ ஒரு சூப்பர்வைசர் அவசரத்தில் போட்ட டிக் அதிகம் பேசும். அதை எழுதிய பிள்ளைக்குப் பெரும்பாலும் உன் வயதுதான் இருக்கும்.

ஒரு கட்டைப் பற்றிச் சொல்கிறேன். வானூர்ப் பக்கத்துப் பையன், பிரஸ் ஆபரேட்டர். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். விபத்து நடந்தபோது அந்த மெஷினில் கார்டு என்ற பாதுகாப்பு மூடி இல்லை என்று அவனோடு வேலை செய்த மூன்று பேர் சொன்னார்கள். கம்பெனி தரப்பில் ஒரே ஒரு தாளை எடுத்து வைத்தார்கள். அன்று காலை ஷிப்ட் செக்லிஸ்ட். அந்த மெஷினுக்கு நேரே ‘கார்டு: சரி’ என்று எழுதி, கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்குள் புதுப் பெயின்ட் அடித்த கார்டு மெஷினில் ஏறிவிட்டது. காலையில் கார்டு இருந்தது, ஆகவே ஆபரேட்டரே கழற்றியிருக்கிறான் என்பது அவர்கள் வாதம். அந்தச் சூப்பர்வைசரைக் கூண்டில் ஏற்றினார்கள். பார்த்துத்தான் டிக் போட்டேன் என்று சொன்னால் விரல் போனவனுக்குத் துரோகம். பார்க்காமல் போட்டேன் என்று சொன்னால் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். அவன் வாயே திறக்கவில்லை. அவனை ஏய்க்கப் பிறந்தவன் என்று நான் நினைக்கவில்லை. மேலே உள்ளவர் சொன்னார், போட்டான். அவ்வளவுதான்.

உன் நாற்காலி எங்கே இருக்கிறது என்று இப்போது பார்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பொறுப்பை முதலில் மேலேதான் வைத்தது. ஆலையின் மேல் இறுதிக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆலையை நடத்துபவர். கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர். யாரோ ஒரு மேனேஜரை அந்த இடத்தில் காட்டிவிட்டு டைரக்டர்கள் விலகிக்கொள்ளப் பார்த்தபோது, ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கம்பெனி நடத்தும் ஆலைக்கு டைரக்டர் ஒருவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இதைப் படித்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அதே சட்டத்தில் 101-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. வழக்குக்கு ஆளான முதலாளியோ மேனேஜரோ, ‘உண்மையில் தவறு செய்தவர் இன்னார்’ என்று வேறொருவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரலாம் என்றது அது. தான் உரிய கவனத்தோடு சட்டத்தை நடைமுறைப்படுத்தியதையும், தனக்குத் தெரியாமல் தன் சம்மதம் இல்லாமல் அந்த ஆள் மீறியதையும் நிரூபித்துவிட்டால், தண்டனை அந்த ஆளுக்குப் போய்விடும். அந்த ‘இன்னார்’ என்ற இடத்தில் எழுத எளிதாகக் கிடைக்கும் பெயர் எது? செக்லிஸ்டின் அடியில் இருக்கும் பெயர்தான். நீ போடும் பொய்யான ‘சரி’ ஆபரேட்டரின் வழக்கையும் கெடுக்கும், உன் கழுத்துக்கும் கயிறாகும். லாபம் மூன்றாவது ஆளுக்கு.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்றும் பார். கார்டு வாங்கிக் கொடுத்தோம், எங்கள் கடமை தீர்ந்தது என்ற வாதம் பழைய வாதம். குஜராத் மாநில அரசு தொடுத்த ஒரு வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. பல்சக்கரத்துக்கு மூடி செய்து வைத்திருந்தால் போதாது. சக்கரம் ஓடும் நேரமெல்லாம் மூடி அதன் இடத்தில் இருக்க வேண்டும். அப்படி இருக்கும்படி பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை. ‘மூன்றாம் எண் பிரஸ்ஸில் சென்சார் வேலை செய்யவில்லை’ என்று ஒரு தாள் இருந்துவிட்டால், நிர்வாகத்துக்குத் தெரியாது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அந்தத் தாளை எழுதக்கூடிய இடத்தில் இன்றைக்கு நீ இருக்கிறாய்.

டேப் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் நம்பாதே. இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அடிக்கும் ராம் இறங்கும் என்று வைத்திருப்பது, ராம் இறங்கும்போது இரண்டு கையும் டைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக. ஒன்றை ஒட்டிவிட்டால் ஒரு கை சும்மா கிடைக்கும். அந்தக் கை அடுத்த பீஸை உள்ளே வைக்கப் போகும், பழைய பீஸைத் தள்ளப் போகும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனையோ பீஸ் கூடும். டார்கெட் எட்டும். டார்கெட்டுக்கு மேல் போனால் இன்சென்டிவ் உண்டென்றால், ஆபரேட்டரே டேப் கொண்டுவந்து ஒட்டுவான். அவன்மேல் கோபப்படாதே. வீட்டு வாடகைக்கும் பிள்ளை படிப்புக்கும் அந்தக் காசு அவனுக்கு வேண்டியிருக்கிறது. டார்கெட்டை அந்த அளவுக்கு ஏற்றி வைத்தது யார் என்று கேள்.

சென்சார் பற்றியும் ஒன்று தெரிந்துகொள். டிப்ளமோவில் படித்திருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். பழைய மாடல் பிரஸ்களில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் ராம் கீழே இறங்கி மேலே திரும்பும்வரை நடுவில் நிற்காது. அந்த மாதிரி மெஷினுக்கு லைட் கர்ட்டன் என்ற சென்சாரை மாட்டினாலும் பயனில்லை. கை உள்ளே போனதைக் கண்டுகொள்ளும், ராமை நிறுத்த முடியாது. அங்கே கை நுழையவே முடியாதபடி அசையாத கார்டுதான் வேண்டும். உன் நான்கு மெஷினில் எது எந்த வகை என்று மெயின்டனன்ஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் தெரிந்துகொள். ‘சென்சார் இருக்கிறது’ என்ற தைரியத்தில் கையை உள்ளே விடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பயம்.

செக்லிஸ்டில் என்ன எழுதுவது? கண்ணால் கண்டதை மட்டும் எழுது. யாரையும் குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். மெஷின் எண், என்ன குறை, எத்தனை மணிக்குப் பார்த்தாய், யாரிடம் தெரிவித்தாய். இந்த நான்கும் போதும். அந்தத் தாளின் படத்தோடு மேனேஜருக்கு ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பிவிடு. ‘சார், மூன்றாம் எண் பிரஸ் சென்சார் சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன், உங்கள் உத்தரவு வேண்டும்’ என்று மரியாதையாகக் கேள். ஓட்டச் சொல்கிறார் என்றால் எழுத்தில் சொல்லட்டும். எழுத்தில் கேட்டவுடனேயே பல மெஷின்கள் ரிப்பேருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, சட்டம் கொடுத்த உரிமை. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலையிடத்தின் பாதுகாப்பு பற்றிய விவரத்தை நிர்வாகத்திடம் கேட்கவும், பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லை என்று ஆய்வாளரிடம் நேராகவோ பிரதிநிதி மூலமாகவோ முறையிடவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று அப்போதுதான் சேர்த்தார்கள். ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த உரிமை இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. வேலைக்கு எடுப்பவர் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்பதும் அதில் உண்டு. உனக்கு இன்னும் தரவில்லை என்றால் கேட்டு வாங்கு. புதிய தொகுப்பின்மேல் தீர்ப்புகள் இனிமேல்தான் வரவேண்டும். நான் மேலே சொன்ன தீர்ப்புகள் பழைய சட்டத்தின்மேல் வந்தவை.

இதெல்லாம் செய்தால் வேலை போகாதா என்று அம்மா கேட்பாள். போகலாம், பாப்பா. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ப்ரொபேஷனில் இருப்பவரை நிறுத்திவிட்டு ‘வேலை திருப்தியாக இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. அதனால்தான் தனியாகப் போகாதே என்கிறேன். உங்கள் கம்பெனியில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அதில் தொழிலாளர் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று விசாரி. சங்கம் இருந்தால் அவர்களோடு பேசு. சூப்பர்வைசர் ஆகிவிட்டோம், நமக்கு எதற்குச் சங்கம் என்று நினைக்காதே. கூட்டத்தில் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லிக் கேள். ஒரு ஆள் சொன்னதைக் கம்பெனி மறக்கும், ஐந்து பேர் சொல்லிக் குறிப்பில் ஏறியதை மறக்க முடியாது. அப்படியும் வேலை போனால் போகட்டும். வேறு வேலை தேடலாம். வெட்டுப்பட்ட விரலை எங்கே போய்த் தேடுவது?

விபத்து நடந்துவிட்டால் ஊரில் எல்லோரும் ‘கேஸ் போட்டாச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் மூன்று தனித்தனி வழக்குகள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எதுவுமே கிடைக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, ஆய்வாளர் போடும் வழக்கு. சட்டத்தை மீறியதற்காக அரசு முதலாளிமேல் தொடுப்பது. இதில் தொழிலாளி வாதி கிடையாது, வெறும் சாட்சி. பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி ஆய்வாளர் புகார் கொடுத்தால் அல்லது எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் கோர்ட் கையில் எடுத்தது. அதுவும் மீறல் அவருக்குத் தெரியவந்த மூன்று மாதத்துக்குள் புகார் போயிருக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஷோ காஸ் நோட்டீஸ் போகும், ‘குறையைச் சரிசெய்துவிட்டோம்’ என்று போட்டோவோடு பதில் வரும். வழக்காகப் போனாலும் பல நேரம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு அன்று மதியமே கிளம்பிவிடுவார்கள். பழைய சட்டத்தில் ஒரு உயிர் போனால்கூடக் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய்தான். புதிய தொகுப்பில் உயிர்ச்சேதத்துக்கு அபராதம் விதித்தால் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும், அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவிடலாம் என்றும் இருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் அதற்கும் ஆய்வாளர் கையில் ஆதாரம் வேண்டும். கையில் கட்டோடு ஆளைக் கொண்டுவந்து செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்து வருகைப் பதிவு போடுவார்கள் சில இடங்களில். ஏன் தெரியுமா? 48 மணி நேரம் வேலைக்கு வராதபடி காயம் பட்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆள் ‘வந்துவிட்டால்’ அறிவிப்பு தேவையில்லை. அப்படி ஒரு வருகைப் பதிவுக்கு உன் கையெழுத்தைக் கேட்டால் அதற்கும் அதே பதில்தான்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே பாதுகாப்புத் துறை ஆய்வாளர் மீறல் கண்டு நோட்டீஸ் கொடுத்தால், மீறல் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொழிலாளர் கண்ணில் படும்படி முதலாளி அதை ஒட்ட வேண்டும். மறுப்பதாக இருந்தால் 15 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தனி ஆணையம் ஒன்று விசாரிக்கும். குறையைச் சரிசெய்யக் கொடுத்த கெடு நீளம் என்று தொழிலாளியும் ஆட்சேபிக்கலாம். நம் ஊரில் ஆய்வாளர் எழுதிக் கொடுத்தது மேனேஜர் மேஜைக்குள் போய்விடும். மெஷினில் நிற்பவனுக்கு அதன் நிழல்கூடத் தெரியாது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஆய்வறிக்கை நகலைக் கேட்கலாம். கேட்டு வாங்கியவர்களின் வழக்குகள் திடமாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நீ பஸ் ஏறுவது விழுப்புரம் மாவட்டத்தில், வேலை செய்யும் சேதராப்பட்டு புதுச்சேரி. சுற்றிலும் வானூர் தாலுகா என்பதால் பலர் அதையும் தமிழ்நாடு என்றே நினைத்துவிடுகிறார்கள். சேதராப்பட்டு ஆலையைப் பற்றி நம் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு போட்டால், புகார் போட வேண்டிய காலத்தில் பாதி அங்கும் இங்கும் அலைவதிலேயே போய்விடும். அது புதுவை அரசின் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் தலைமை ஆய்வாளருக்குப் போக வேண்டியது. திண்டிவனம் சிப்காட்டில் நடந்தால் தமிழ்நாடு. திருவக்கரைப் பக்கம் கல் குவாரியில் நடந்தால் இரண்டுமே கிடையாது, சுரங்கப் பாதுகாப்பைப் பார்க்கும் ஒன்றிய அரசுத் துறை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கடல் அரித்துக்கொண்டே வருகிறது, வலை வீசிய வீட்டுப் பிள்ளைகள் கான்ட்ராக்டர் வேனில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எந்த எல்லைக்குள் வேலை செய்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

இரண்டாவது வழக்கு இழப்பீடு. இதில் எல்லைச் சிக்கல் இல்லை. விபத்து நடந்த இடத்திலும் கேட்கலாம், தொழிலாளி குடியிருக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமும் கேட்கலாம். சேதராப்பட்டில் அடிபட்டவர் நம் மாவட்டத்திலேயே மனு போடலாம். முதலாளிமேல் தவறு இருக்கிறதா என்று நிரூபிக்கவும் தேவையில்லை, வேலையால் வந்த காயம் என்றால் போதும். தாமதம் மட்டும் கூடாது. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு என்று கெடு இருந்ததால் இரண்டு ஆண்டும் சும்மா இருந்துவிட்டு வந்து நிற்பார்கள். அதற்குள் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள்.

இதில் ஒரு தீர்ப்பை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1968-இல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை எடுக்கும்படி ஆயிற்று. அட்டவணைப்படி ஒரு கைக்கு இத்தனை சதவீதம்தான் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்பு என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்கவேண்டியதாகிவிடுகிறது, அதிகாரி கணக்குப் போடும்வரை காத்திருக்கலாம் என்பது செல்லாது என்றும் சொன்னது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்பார்கள். எங்கள் வக்கீல் ஏறக்குறைய ஒவ்வொரு மனுவிலும் இதை எடுத்துக் காட்டுவார்.

ஆனால் கணக்கு எங்கே அடிபடும் தெரியுமா? சம்பளப் பதிவேட்டில். பழைய ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரலுக்கு 20 சதவீதம், கட்டைவிரலுக்கு 30, நான்கு விரலுக்கு 50. மனுஷன் கையை இப்படிச் சதவீதமாகப் பிரித்து எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். 25 வயதுப் பிள்ளைக்கு இரண்டு விரல் போனால், அந்தச் சட்டப்படி கணக்குக்கு எடுத்த உச்சவரம்பான 15,000 ரூபாய் சம்பளத்தில் 3,90,438 ரூபாய் வரும். அதே பிள்ளையின் சம்பளம் பதிவேட்டில் 8,000 என்று இருந்தால் 2,08,233 ரூபாய். பாதிப் பணம் ‘கையில் கொடுத்ததாக’ இருந்து பதிவேட்டில் ஏறாமல் போனதற்குக் கிடைக்கும் தண்டனை இது. தண்டனை அனுபவிப்பவர் தொழிலாளி. பதிவேட்டில் ஏற்றாதவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தக் கணக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு இல்லாத இடத்துக்கு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு முதலாளியிடமிருந்து இழப்பீடு கிடையாது, ஈ.எஸ்.ஐ. கழகம்தான் சிகிச்சையும் ஊன உதவித்தொகையும் கொடுக்கும். இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். அங்கேயும் பதிவேட்டில் உள்ள சம்பளம்தான் அளவு.

மூன்றாவது போலீஸ் வழக்கு. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, ஐந்து ஆண்டுவரை சிறை. எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் முதலில் ஏறுகிறது என்று கவனித்துப் பார். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடிக்கும்போதெல்லாம் போர்மேனும் சூப்பர்வைசரும் கைதான செய்தியைப் பேப்பரில் படித்திருப்பாய். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அங்கே உரிமம் ஒருவர் பெயரில், அறை அறையாகக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு. பொறுப்பை இப்படித் துண்டு துண்டாக்கி வைத்தால், கடைசித் துண்டு சூப்பர்வைசர் தலையில்தான் விழும்.

பெரிய கம்பெனி, எல்லாம் முறையாக இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-இல் ஒரு கொதிகலன் விபத்து. இரண்டு மாதம் ஆவதற்குள் ஜூலை 1-இல் அதே நிலையத்தில் இன்னொன்று, முன்னதைவிட மோசமாக. அரசு நிறுவனம், பாதுகாப்புப் பிரிவு, விருதுகள் எல்லாம் இருந்த இடம். முதல் விபத்தில் கற்றது இரண்டாவதைத் தடுக்கவில்லை. கடலூர் சிப்காட்டில் 2021 மே 13-இல் பூச்சிமருந்து ஆலையில் நான்கு பேர் போனார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம் பக்கத்துக் காலாப்பட்டு மருந்து ஆலையில் 2023 நவம்பர் தொடக்கத்தில் இரவு வெடித்ததே, பத்துக்கும் மேற்பட்டவர்கள் வெந்து கிடந்தார்களே, உனக்கே நினைவிருக்கும். மெதுவாகக் கொல்லும் ஆபத்து இதைவிடக் கொடுமை. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலையை 2001-இல் மூடினார்கள். உடம்புக்கு வந்ததெல்லாம் வேலையால் வந்தது என்று நிலைநாட்டப் போராடிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில்தான். இடையில் பதினைந்து வருஷம். உங்கள் பிரஸ் ஷாப் சத்தமும் அப்படிப்பட்டதுதான். காது ஒரே நாளில் போகாது. வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் காதையும் பார்க்கச் சொல், ரிப்போர்ட் நகலை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கச் சொல்.

இனி நீ செய்ய வேண்டியது. திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குமுன் டேப்பை எடுத்துவிடச் சொல். ஆபரேட்டரிடம் ஏன் என்று இரண்டு நிமிஷம் பேசு, அதட்டாதே, அவர் உன்னைவிட வயதில் மூத்தவர். சென்சார் வேலை செய்யாத மெஷினுக்கு நேரே உள்ளதை உள்ளபடி எழுது. வெள்ளைத் தாளிலோ முன்கூட்டித் தேதி போட்ட தாளிலோ கையெழுத்துப் போடாதே, யார் கேட்டாலும். வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு அன்றன்று நடந்ததைத் தேதியோடு எழுதி வா.

இன்னொரு காரியமும் இருக்கிறது, இதை இந்த வாரமே செய்துவிடு. உன் லைனில் கான்ட்ராக்டில் வரும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஈ.எஸ்.ஐ. எண் வந்துவிட்டதா என்று கேள். வேலைக்குச் சேர்ந்ததுமே ஆன்லைனில் பதிவு செய்துவிடக்கூடியது அது. எண் இல்லாதவர்களின் பெயரையும் வேலைக்குச் சேர்ந்த தேதியையும் எழுதி ஹெச்.ஆரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. கான்ட்ராக்டர் சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சேரவேண்டியது போய்விடாது. கழகம் கொடுத்துவிட்டுப் பிறகு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அவள் அந்த ஆலையில் அந்தத் தேதியில் வேலை செய்தாள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். நீ எழுதிக் கொடுக்கும் அந்தப் பட்டியல்தான் அத்தாட்சி.

இப்படிக்கு,
அன்புடன்
பெரியப்பா